கொழிஞ்சாம்பாறையிலிருந்து தேஞ்ஞிப்பலம் வரை: காலிக்கட் பல்கலைக்கழகமும் அதன் மைதானங்களும்

2022 ஏப்ரலில் மலப்புறம் மாவட்டத்துத் தேஞ்ஞிப்பலத்தில் ஃபெடரேஷன் கோப்பை தடகளப் போட்டிகள் நடந்தன. ஆண்கள் நீளம் தாண்டுதலில் பாலக்காட்டுக்காரரான முரளி ஸ்ரீசங்கர் 8.36 மீட்டர் தாண்டினார். அது புதிய தேசியச் சாதனை. ஆனால் தங்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 தாண்டி, ஒரே ஒரு சென்டிமீட்டரில் முதலிடம் பிடித்தார். அவர் தாண்டியபோது முதுகுக்குப் பின்னால் வீசிய காற்று வினாடிக்கு 2 மீட்டர் என்ற வரம்பை மீறியிருந்தது. காற்று கூடிப்போனால் பதக்கம் செல்லும், சாதனைக் கணக்கில் மட்டும் சேராது. அதனால் தங்கம் தமிழ்நாட்டுக்கும் சாதனை பாலக்காட்டுக்கும் போனது.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இருக்கிற தமிழர்களான எங்களுக்கு அன்று இரட்டைச் சந்தோஷம். தாய்மொழிக்காரர் ஒருவர், மாவட்டத்துக்காரர் ஒருவர். கணவாய்க் காற்றில் வளர்ந்த ஊர் எங்களுடையது. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மலை இடைவெளி வழியாக வந்து கூரை ஓடுகளைக் கிளப்பிவிட்டுப் போகும் காற்றை எங்களுக்குத் தெரியும். ஒரு தாண்டலின் தலையெழுத்தைக் காற்று எப்படி மாற்றும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மணல் குழியும் ஓடுபாதையும் யாருடையது என்பதுதான் இந்தக் கட்டுரைக்கான விஷயம். அது காலிக்கட் பல்கலைக்கழகத்தின் மைதானம். சி.எச். முகம்மது கோயாவின் பெயரைத் தாங்கியது. அவர் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான், 1968இல், இந்தப் பல்கலைக்கழகம் உருவானது. அதுவரை வடகேரளத்துக் கல்லூரிகளெல்லாம் திருவனந்தபுரத்தில் இருந்த கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. ஒரு சான்றிதழில் பெயர் திருத்த வேண்டுமென்றாலும் இராத்திரி ரயிலேறித் தெற்கே போக வேண்டும். மலபாரில் கல்வி பின்தங்கிக் கிடந்ததற்கு அந்தத் தூரமும் ஒரு காரணம் என்ற வாதம் வலுத்துத்தான் புதிய பல்கலைக்கழகம் பிறந்தது. எம்.எம். கனி முதல் துணைவேந்தர். பெயரில் காலிக்கட் இருந்தாலும் வளாகம் கோழிக்கோடு நகரத்தில் இல்லை. அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, செம்பாறை மேட்டில் இருக்கிறது. அது தொடங்கும்போது மலப்புறம் என்று ஒரு மாவட்டமே கிடையாது. அந்த மாவட்டம் 1969இல்தான் வந்தது.

எங்கள் பக்கத்துக் கதை இதைவிடச் சுற்று வழி. பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் பகுதி. சித்தூரோ கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் பிரிட்டிஷ் நிலம், நடுவே கொச்சி மகாராஜாவின் தாலுகா. பாலக்காட்டில் 1866இல் பள்ளியாகத் தொடங்கி 1888இல் கல்லூரியான விக்டோரியா கல்லூரி முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. கேரளம் உருவானபின் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. 1968க்குப் பிறகு காலிக்கட். கட்டடமும் மரங்களும் அதேதான், பட்டத்தின் மேல் அச்சிட்ட பெயர் மட்டும் இரண்டு முறை மாறியது. எங்கள் வீட்டிலேயே தாத்தாவின் சான்றிதழ் சென்னை, பெரியப்பாவுடையது கேரளா, அக்காவுடையது காலிக்கட். சித்தூர் அரசுக் கல்லூரி 1947இல் ஆரம்பித்தது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை என்று தமிழ் பேசும் பஞ்சாயத்துகளின் பிள்ளைகளுக்கு வாசலில் இருக்கும் கல்லூரி அது. தமிழில் இளங்கலையும் முதுகலையும் அங்கே படிக்கலாம்.

வரலாறு போதும், விளையாட்டுக்கு வருவோம். காலிக்கட்டின் விளையாட்டுப் பெருமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தேஞ்ஞிப்பலம் மைதானத்தைக் காட்டித் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெருமை விளைந்த இடம் தேஞ்ஞிப்பலம் இல்லை என்பது என் துணிபு. அது இணைப்புக் கல்லூரிகளின் மண் தரையிலும் விடுதி அறைகளிலும் விளைந்தது. இதைப் புரிந்துகொள்ள, இந்தப் பல்கலைக்கழகம் எந்த மாதிரியான அமைப்பு என்று தெரிய வேண்டும்.

ஒரே வளாகத்தில் எல்லாரும் படிக்கிற பல்கலைக்கழகம் ஒரு வகை. காலிக்கட் இன்னொரு வகை. தொடக்கத்தில் ஐம்பத்து நான்கு கல்லூரிகளும் நான்கு முதுகலைத் துறைகளும்தான் இருந்தன. இன்று நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் பாலக்காடு, திருச்சூர், மலப்புறம், கோழிக்கோடு, வயநாடு என்று பரந்து கிடக்கின்றன. தேர்வும் பட்டமும் அணிகளும் பல்கலைக்கழகத்தின் பெயரில். பாடமும் பயிற்சியும் கல்லூரியில். எந்த மூலையில் இருக்கும் கல்லூரியில் சேர்ந்தாலும், ஓடத் தெரிந்தால் ‘காலிக்கட்’ என்று நெஞ்சில் எழுதிய ஜெர்சியைப் போடும் வழி திறந்திருக்கும். தேஞ்ஞிப்பலத்தைக் கண்ணால் பார்க்காமலேயே அந்த ஜெர்சிக்குத் தகுதி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

வழி இப்படிப் போகும். கல்லூரி மீட்டில் ஜெயிப்பவர் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குப் போவார். அங்கே கண்ணில் பட்டால் செலக்‌ஷன் டிரயல்ஸ், அப்புறம் கோச்சிங் கேம்ப், அதிலிருந்து பல்கலைக்கழக அணி. கால்பந்து, வாலிபால் போன்ற குழு ஆட்டங்களில் முதலில் தென்மண்டலப் போட்டி நடக்கும். சென்னை, பாரதியார், கேரளா, மகாத்மா காந்தி, மங்களூர், உஸ்மானியா எல்லாம் வரும் களம் அது. அதில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. இதையெல்லாம் நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. 1925இல் தொடங்கிய பழைய அமைப்பு அது. 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் இருக்கும் முழுநேர மாணவர்களுக்கே இடம். அதாவது ஒரு பிள்ளையின் உடம்பு உச்சத்தை நோக்கி ஏறும் ஏழெட்டு வருடத்தைப் பல்கலைக்கழகம் தன் கையில் வாங்கிக்கொள்கிறது. பள்ளி மீட்டில் கொடிகட்டிப் பறந்த எத்தனையோ பேர் பதினெட்டில் காணாமல் போவதும், சிலர் மட்டும் இருபத்திரண்டில் நாட்டுக்காக ஓடுவதும் இந்த வருடங்களில் தீர்மானமாகிறது.

இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பாலக்காடு மெர்சி கல்லூரி 1964இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி. எழுபதுகளின் கடைசியில் கண்ணூர் மாவட்டத்து மலையோரக் கிராமமான ஒட்டத்தையிலிருந்து எம்.டி. வல்சம்மா என்ற பெண் அங்கே படிக்க வந்தார். தடகளத்தை அவர் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டது இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகுதான். 1979இல் புனேயில் நடந்த பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 100 மீட்டர் தடை ஓட்டத்திலும் பென்டாத்லானிலும் பதக்கம் வாங்கினார். பென்டாத்லான் என்றால் ஐந்து போட்டிகளைச் சேர்த்துக் கணக்கிடுவது. ஓடவும் வேண்டும், தாண்டவும் வேண்டும், எறியவும் வேண்டும். கல்லூரி அளவில் இத்தனையும் பழக ஒரு பெண்ணுக்கு நேரமும் இடமும் சாப்பாடும் கிடைத்திருக்கிறது என்பதை அந்தப் பதக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அடுத்த மூன்று வருடத்தில் நடந்ததை நாடே அறியும். தென்னக ரயில்வேயில் வேலை கிடைத்தது. ஏ.கே. குட்டியிடம் பயிற்சி எடுத்தார். 100 மீட்டர் தடையிலிருந்து 400 மீட்டர் தடைக்கு மாறினார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 58.47 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். பையோலியிலிருந்து வந்த பி.டி. உஷா 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வாங்கியதும் அதே டெல்லியில்தான். அந்த வருடமே வல்சம்மாவுக்கு அர்ஜுனா விருது, அடுத்த வருடம் பத்மஸ்ரீ. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 4x400 தொடர் ஓட்டத்தில் இறுதிச் சுற்றுக்குப் போன இந்தியப் பெண்கள் அணியில் உஷா, ஷைனி ஆபிரகாம், வந்தனா ராவ் ஆகியோருடன் வல்சம்மாவும் ஓடினார். குட்டிக்குத் துரோணாச்சாரியா விருது 2010இல்தான் வந்தது. பயிற்சியாளர்களுக்கு நம் நாட்டில் எப்போதும் கடைசிப் பந்திதான் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

400 மீட்டர் தடை ஓட்டத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பத்துத் தடைகள். இரண்டு தடைகளுக்கு இடையில் 35 மீட்டர். ஒவ்வொரு இடைவெளியையும் இத்தனை எட்டு, அதாவது இத்தனை காலடி, என்று எண்ணி வைத்து ஓட வேண்டும். களைப்பு வந்தால் எட்டு சுருங்கும். எட்டு சுருங்கினால் தடை தவறான காலுக்கு வரும். வேகம் மட்டும் உள்ளவரை இந்த ஓட்டம் கவிழ்த்துவிடும். வருடக்கணக்கில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய இடம் வேண்டும், கூட நிற்க ஆள் வேண்டும். ரப்பர் ஓடுபாதை எட்டிப் பார்க்காத காலத்தில் பாலக்காட்டுக் கல்லூரி ஒன்று அதற்கு அடித்தளம் போட்டது. அதனால்தான் இணைப்புக் கல்லூரிகளை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கால்பந்துக் கதை சீக்கிரமே தொடங்கிவிட்டது. பல்கலைக்கழகம் பிறந்து மூன்று வருடம்கூட முழுதாக ஆகியிருக்காது. 1971இல், கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜியின் பெயரிலான அகில இந்தியக் கோப்பையைக் காலிக்கட் தூக்கியது. கேப்டன் விக்டர் மஞ்ஞில, திருச்சூர்க்காரர், கோல்கீப்பர். இரண்டு வருடம் கழித்து, 1973 டிசம்பரில், எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என்று தோற்கடித்துக் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. கேப்டன் டி.கே.எஸ். மணி மூன்று கோல்களையும் அடித்த அந்த அணியிலும் மஞ்ஞில இருந்தார். பின்னாளில் காலிக்கட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகவும் இருந்து அடுத்தடுத்த தலைமுறைகளை வளர்த்தார். கோப்பை அதற்குப் பிறகும் பலமுறை தேஞ்ஞிப்பலத்துக்கு வந்திருக்கிறது. மலபாரில் அறுவடை முடிந்த வயலெல்லாம் செவன்ஸ் மைதானமாகிவிடும். ஏழு பேர் ஆடும் அந்தக் குறுகிய களத்தில் பந்தைக் காலோடு ஒட்டிவைக்கப் பழகிய பையன்களைப் பதினொரு பேர் ஆட்டத்தின் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது கல்லூரி அணிகள்தான்.

வாலிபாலில் ஒரே பெயர் போதும். பேராவூர் ஜிம்மி ஜார்ஜ் எழுபதுகளில் காலிக்கட் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். 1976இல் 21 வயதில் அர்ஜுனா விருது. அப்புறம் அபுதாபி, அங்கிருந்து இத்தாலி. சம்பளம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டு கிளப்பில் ஆடலாம் என்பதையே இந்திய வாலிபாலுக்குக் காட்டியவர் அவர். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வென்றபோது அணியில் இருந்தார். அடுத்த வருடம் இத்தாலியில் கார் விபத்தில் போய்விட்டார், வயது 32. அவருடைய தம்பி பாபி ஜார்ஜ் மும்முறை தாண்டும் வீரர். பாபி மணந்துகொண்டு பயிற்சியும் கொடுத்தவர்தான் நீளம் தாண்டும் வீராங்கனை அஞ்சு. கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து திருச்சூர் விமலா கல்லூரியில், அதாவது காலிக்கட்டின் இணைப்புக் கல்லூரியில், படித்தவர் அஞ்சு. 2003இல் பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வாங்கினார். உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

வல்சம்மா, ஜிம்மி, அஞ்சு மூவருமே தங்கள் ஊரைவிட்டு வேறெங்கோ போய் வளர்ந்தவர்கள். வல்சம்மா கண்ணூர் மலையிலிருந்து பாலக்காட்டுக்கு, அஞ்சு கோட்டயத்திலிருந்து திருச்சூருக்கு. விடுதி இல்லையென்றால் இந்தக் கதைகள் நடந்திருக்கவே நடக்காது. கேரளத்தின் விளையாட்டு கவுன்சில் கல்லூரிகளோடு சேர்ந்து நடத்தும் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்களை நான் மைதானத்துக்கு மேலே வைப்பது இதனால்தான். பதினாறு வயதுப் பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும் அம்மா முதலில் கேட்பது ‘பாப்பா எங்கே தூங்குவா, என்ன சாப்பிடுவா’ என்பதைத்தான். டிராக் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

1996இல் கண்ணூருக்குத் தனிப் பல்கலைக்கழகம் வந்தது. கண்ணூர், காசர்கோடு கல்லூரிகளும் மானந்தவாடி தாலுகாவும் அதோடு போயின. பேராவூரும் ஒட்டத்தையும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டன. நிர்வாகத்துக்கு அது நல்லதுதான், 1968இல் காலிக்கட் கேட்ட அதே நியாயத்தைத்தான் கண்ணூரும் கேட்டது. ஆனால் ஓட்டக்காரர்களும் வாலிபால்காரர்களும் ஊற்றெடுத்த ஒரு பெரிய நிலம் காலிக்கட்டுக்குக் கைவிட்டுப் போனது. அதற்குப் பிறகு தடகளத்தின் கனம் மெல்ல மெல்லப் பாலக்காட்டின் பக்கம் சாய்ந்தது. பறளி, முண்டூர் பள்ளிகள் மாநிலப் பள்ளி மீட்டில் பேசப்படும் பெயர்களாயின. முண்டூரின் பி.யு. சித்ரா 2017இலும் 2019இலும் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார். ஸ்ரீசங்கர் விக்டோரியா கல்லூரியில் கணிதம் படித்தவர். அப்பா முரளி மும்முறை தாண்டியவர், அம்மா பிஜிமோள் 800 மீட்டர் ஓடியவர். அப்பாதான் பயிற்சியாளர். 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி, அடுத்த வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலும் வெள்ளி. சொந்த ஊரில் இருந்துகொண்டே, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே, பக்கத்துக் கல்லூரியில் படித்துக்கொண்டே இந்த உயரத்துக்கு ஒருவர் போக முடிந்தது என்பதை வல்சம்மா காலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, இதில் எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்?

எங்கள் பக்கத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டு பஸ். ஒன்று வேலந்தாவளம் வழியாகவோ வாளையார் வழியாகவோ கோயம்புத்தூருக்கு, இல்லையென்றால் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு. இன்னொன்று சித்தூருக்கோ பாலக்காட்டுக்கோ. முதல் பஸ் ஏறினால் 1982இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகம், இரண்டாவது ஏறினால் காலிக்கட். படிப்பு, மொழி, மாமா வீடு இருக்கும் ஊர் என்று பல காரணங்களை வைத்து வீடுகளில் முடிவெடுப்பார்கள். விளையாட்டை அந்தக் கணக்கில் சேர்ப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சேர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். கேரளத்துப் பள்ளியில் படித்து, கேரள மாநில மீட்டில் வாங்கிய சான்றிதழுக்குக் கேரளத்துக் கல்லூரியின் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இருக்கும் மதிப்பு அதிகம். அக்கரைக்குப் போனால் அதை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டிவரும்.

மொழியைப் பற்றிய பயமும் உண்டு. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்குக் கேம்ப்பில் மலையாளம் மட்டுமே காதில் விழும். நான் கல்லூரியில் ஓடிய நாட்களில் முதல் வாரம் ‘மாஷ்’, அதாவது பயிற்சி கொடுத்த சார், சொன்னதில் பாதி புரியவில்லை. ஆனால் ஸ்டாப் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகம் மாறுவதைப் பார்த்தே நல்ல ஓட்டமா இல்லையா என்று தெரிந்துகொள்வேன். பத்தாவது நாள் அவரே என்னிடம் தமிழ் கலந்து பேச ஆரம்பித்துவிட்டார். ‘நன்னாயிட்டு ஓடணும்டா தம்பி’ என்பது எந்த மொழி என்று இன்றுவரை நான் யோசித்ததில்லை. பாலக்காட்டில் எல்லாருக்கும் இரண்டு மொழியும் காதில் இருக்கிறது. சித்தூர்க் கல்லூரி மைதானத்தில் மாலை நேரம் நின்றால் ஒரே அணிக்குள் இரண்டு மொழியிலும் பந்து கேட்கும் குரல்கள் வரும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 2009இல் இளங்கலைப் படிப்புகளில் செமஸ்டர் முறை வந்த பிறகு வருடத்துக்கு இரண்டு தேர்வுக்காலம். போட்டிக்காலம் அதில் ஒன்றோடு இடித்துக்கொள்கிறது. அணிக்குப் போன பிள்ளை திரும்பி வந்து தனியாகத் தேர்வு எழுத மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பல்கலைக்கழக அணிக்கு ஆடினால் கிரேஸ் மார்க் உண்டு என்பது ஆறுதல். 2024இல் வந்த நான்கு வருடப் பட்டப்படிப்பு ஓட்டக்காரர்களுக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கொடுக்கும். அதைக் கல்லூரிகள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதைப் பொறுத்து நிறைய மாறும். இன்னொன்று, சுயநிதிக் கல்லூரிகள் பெருகிய பிறகு 200 மீட்டர் வளைவு போடக்கூட இடமில்லாத கல்லூரிகளும் இணைப்புப் பட்டியலில் ஏறிவிட்டன. இந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு கல்லூரி மண்ணில் வளர்ந்தது என்றால், மண் இல்லாத கல்லூரி அதற்கு என்ன தரும்? தேஞ்ஞிப்பலத்தில் எத்தனை நல்ல டிராக் போட்டாலும், பாலக்காட்டிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு மேல். தினமும் காலை ஆறு மணிக்கு அங்கே யாரும் ஓடிவிட முடியாது.

அதனால் எங்கள் பக்கத்துப் பெற்றோர் கேட்டால் நான் சொல்வது இதைத்தான். கல்லூரியில் சேர்க்கும் முன் ஒருமுறை நேரில் போய் மைதானத்தைப் பாருங்கள். பி.டி. சாரைப் பார்த்து, காலையில் எத்தனை மணிக்கு வருவார், போன வருடம் யார் யாரை இன்டர் காலேஜ் போட்டிக்கு அனுப்பினார் என்று கேளுங்கள். ஹாஸ்டலில் முட்டையும் பாலும் உண்டா என்றும் கேளுங்கள். பிள்ளையின் பள்ளி மீட் சான்றிதழ்களை மழை படாமல் ஒரு ஃபைலில் வையுங்கள். பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் தமிழ்ப் பள்ளியின் பதிவிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள், எல்லையோரத்தில் அதுதான் அடிக்கடி காலை வாரும். ஸ்போர்ட்ஸ் கோட்டா விண்ணப்பத்தைப் பொது விண்ணப்பத்தோடு சேர்த்தே போட்டுவிடுங்கள், கடைசித் தேதி யாருக்காகவும் நிற்காது.